துரை வளவில் முறித்த கொப்புகள்

வளவுக் காவலாளிக்கு விசில் ஒன்று தருவார்கள். அதை ஊதினால் குருவிதான் பறக்கும், கொப்பு முறிக்கிறவர் திரும்பியும் பார்க்கமாட்டார். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர்களே, பாடசாலைக் கேற்றில் நிற்கிறவர்களே, நூலகத்தில் 'சத்தம் போடாதீர்கள்' பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் விளங்காது.

கல்முனைக்குத் தெற்கே, ஒரு தென்னந்தோட்டத்துக்கு நடுவில் இருக்கிற பழைய பங்களாவில் எனக்கு வேலை. வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டி, சுற்றிவர மரமும் பூவும் வைத்துவிட்டுப் போனார். ஊருக்கு அது துரை வளவு. இப்போதைய உரிமைக்காரி கொழும்பில் இருக்கிற மெடம், எழுபது தாண்டிய மனுசி. சனி, ஞாயிறு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பொழுதுபட்டு மஹ்ரிப் வரைக்கும் சனம் வந்து உலாவட்டும் என்று அவதான் கேற்றைத் திறக்கச் சொன்னா. எங்கள் ஊர்களில் மதிலோடு மதில் ஒட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் ஓட ஒரு துண்டு நிலம் இல்லை. பெண்கள் நாலு பேர் கால் நீட்டி உட்கார்ந்து கதைக்க இந்த வளவை விட்டால் வேறு இடமும் இல்லை. மெடம் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. "தோட்டம் பழுதாப் போனா கேற்றப் பூட்டிருவன், ரசாக்."

கைப்பைக்குள் கறிவேப்பிலை

பங்களாவின் குசினிக்குப் பின்னால் ஒரு கறிவேப்பிலை மரமும் கறிக்கு வாசத்துக்குப் போடுகிற ரம்பைப் பற்றையும் நிற்கின்றன. முன்னால் கல்லில் செய்த நீர்த்தொட்டி இருக்கிறது, இரண்டு பேர் கட்டிப்பிடித்தாலும் எட்டாத மரங்கள் இருக்கின்றன. அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? வந்த கால் நேரே குசினிப் பக்கம்தான் போகும். பெருநாளுக்கு அடுத்த நாள் ஒரு மாமி வெளியே போகும்போது கைப்பை மூடாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே அரை மரம்!

"என்ன மாமி இது? துரை வச்ச மரமெல்லுவா!" என்று கத்தினேன். மாமி கொஞ்சமும் அசையவில்லை. கைப்பையை அமத்திப் பூட்டிவிட்டு, பச்சைப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி எனக்குச் சொன்னா: "துரை மௌத்தாகி எவ்வளவு காலம் மகன்? அவருக்கு இனி என்னத்துக்குக் கறிவேப்பில?"

என்னத்துக்குக் காவல்

இறக்காமத்திலிருந்து ஒரு விவசாயி குடும்பத்தோடு வந்தார். வேளாண்மை வெட்டி முடிந்த சந்தோசத்தில் இருந்தார் போல. வளவைச் சுற்றிப் பார்த்தாரோ இல்லையோ, என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தடி இருக்கா, டோர்ச் இருக்கா, வெடி இருக்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கும் ஒரு பெருமை. விசிலைக் காட்டினேன்.

"யானை வாறதா?" என்றார். இல்லை என்றேன். "காட்டுப் பண்டி?" அதுவும் இல்லை என்றேன். மனுசர்தான் வருவார்கள், அவர்களைத்தான் பார்க்கிறேன் என்றேன். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மனைவி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தா. வயலில் பரண் கட்டி விழித்திருக்கிற மனுசன், என்னை மேலும் கீழும் அளந்துவிட்டு, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரிக் காக்கா போட்டுச் சொன்னார்: "அப்ப நீங்க சும்மா இரிக்கத்தானே காக்கா சம்பளம்?"

மரம்தானா?

அதைவிட ஆத்திரம் வந்தது வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த ஒரு தம்பியால். பிள்ளைகள் இரண்டும் புல்லில் உருண்டு பிரண்டு கத்திக்கொண்டிருக்க, இவர் கறுப்புக் கண்ணாடியோடு வளவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "பாக்கிறதுக்கு வேறென்ன இரிக்கி?" என்றார். ஊஞ்சல் இல்லையா, ஐஸ்கிறீம் இல்லையா, சிங்கம் சிலை மாதிரி ஏதும் இல்லையா என்று கேள்வி மேல் கேள்வி.

தம்பி, இது தோட்டம், இதில் மரம் இருக்கும் என்றேன். அவருக்கு வந்ததே ஒரு கோபம். நான்தான் அவரை ஏமாற்றிக் கூட்டி வந்தவன் போல முகத்துக்கு நேரே சொன்னார்: "மரம் பாக்கவா இவ்வளவு தூரம் வந்த? எங்கட வளவுலயும்தான் மரம் நிண்டிச்சி, அதையெல்லாம் வெட்டிப்போட்டுத்தானே ஊடு கட்டியிரிக்கம்!"

வெள்ளை ரோசா

இனிச் சொல்லப்போவது என் நெஞ்சு எரிகிற கதை. நீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை ரோசா நின்றது. மெடத்தின் தாயார் தன் கையால் வைத்த மரம். வாராவாரம் அதைப் படம் எடுத்து மெடத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். எங்கள் சனத்துக்கு அந்த ஒரு மரத்தில்தான் கண். வருகிறவரெல்லாம் ஒரு கொப்பு, போகிறவரெல்லாம் ஒரு கொப்பு. மொட்டையாய் நின்ற மரம் ஒரு கடுங்கோடையில் காய்ந்தே போனது. மெடத்திடம் சொன்னால் கேற்றில் பூட்டு விழும். அதனால் அந்த இடத்தில் ஒரு ரோஸ் நிற ரோசாவை வாங்கி நட்டுவிட்டு, பழைய படங்களையே மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். பொய்தான். யாருக்காகச் சொன்ன பொய்?

அந்த ரோசாவில் கை வைத்தவர்களில், மரம் சாகிறதுக்கு முந்தி கையும் களவுமாக ஒரே ஒருவரைத்தான் பிடித்தேன். அக்கா முறை சொல்லிக் கூப்பிடுகிற சாய்ந்தமருது ராத்தா ஒருவர், அபாயாக் கைக்குள் கொப்பை ஒளித்துக்கொண்டு வந்தா. பிடிபட்டதும் வெட்கப்படுவா என்று பார்த்தால், முறித்ததை உரிமைக்காரர் மனம் பொருந்தி விட்டுக்கொடுத்தால் பாவம் இல்லை என்று எனக்கே ஓதித் தந்தா. நான் உரிமைக்காரன் இல்லை, எனக்கு அதை விட்டுக்கொடுக்க அதிகாரம் இல்லை என்று தொண்டை கிழியச் சொன்னேன். ராத்தா கொப்பைக் கீழே வைக்கவும் இல்லை. "முறிச்ச கொப்பு திரும்ப ஒட்டவா போகுது? கோவப்படாம ஹலாலாக்கித் தாங்க காக்கா."

ஜும்ஆவுக்கு அடுத்த நாள்

போன வருசம் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளியில் மௌலவி அடுத்தவர் உடைமையைப் பற்றிப் பயான் பண்ணினார். பல்லுக் குத்த ஒரு ஈர்க்கை முறித்தாலும் மறுமையில் கேள்வி இருக்கிறது என்று அவர் சொல்ல, சனம் விம்மியது. எனக்குப் பரம சந்தோசம். இனியாவது திருந்துவார்கள் என்று நினைத்தேன். திருந்தத்தான் செய்தார்கள், பாவிகள்! எங்கள் கேற்றில் மெடத்தின் தொலைபேசி நம்பர் எழுதின பலகை ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து ஆளுக்கு ஆள் கொழும்புக்கு அழைத்து, தாங்கள் எடுத்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லி ஹலாலாக்கித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். கறிவேப்பிலை, ரம்பை, மாங்காய், மரத்தில் வெட்டின பெயர், எல்லாம். அவ்வளவு காலமும் நான் மூடி மறைத்ததை ஒரே காலையில் அள்ளிக் கொட்டிவிட்டார்கள்.

பத்து மணிக்கு என் போன் அடித்தது. மெடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டா: "ரசாக், விடியத்துல இருந்து கையில இருந்து போன் இறங்கேல்ல. என்ட தோட்டத்துல கை வைக்காத ஒராள் உங்கட ஊர்ல இரிக்கிறாங்களா?"

மெடம் வந்த நாள்

அடுத்த சனிக்கிழமை மெடம் வந்து இறங்கினா. கையில் புதுப் பூட்டு ஒன்று. நேரே நீர்த்தொட்டிக்குப் போனா. ரோஸ் நிற ரோசாவை நின்று பார்த்தா. "இது உம்மாட மரம் இல்லையே," என்றா. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்ததா கோபம் வந்ததா தெரியாது. சுற்றி நின்ற சனத்தைப் பார்த்து, "நீங்கதான் சாகடிச்ச மரம், நல்லாப் பாருங்க!" என்று சத்தம் போட்டேன். புல்லில் விளையாடிய பிள்ளைகள்கூட நின்றுவிட்டார்கள்.

அப்போது அந்தச் சாய்ந்தமருது ராத்தா முன்னால் வந்தா. "மெடம், ஒரு கொப்பு நான்தான் எடுத்த. அது என்ட ஊட்டு முத்தத்துல மதிலுக்கு மேலால பூத்துக் கொட்டுது," என்றா. மெடம் கல் விளிம்பில் உட்கார்ந்துவிட்டா. "வெள்ளைப் பூவா?" என்று இரண்டு தரம் கேட்டா. கண் கலங்கிவிட்டது. பிறகு பூட்டை மடியில் வைத்துக்கொண்டு முடிவைச் சொன்னா. அந்த மரத்தில் ஒரு கொப்பு இந்த இடத்தில் திரும்ப முளைக்க வேண்டும், முளைத்தால் கேற் திறந்தே இருக்கும், முளைக்காவிட்டால் பூட்டு. நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். மெடம் முந்திக்கொண்டா: "ரெண்டு வருசமா படத்துல அதே வண்ணாத்திப்பூச்சி அதே பூவுல குந்தியிரிக்கக்குள்ளயே யோசிச்சன், ரசாக்."

ராத்தா வீட்டு மதில்

ஞாயிறு காலையிலேயே மண் நிரப்பின சட்டியோடு ராத்தா வீட்டுக்குப் போனேன். சலாம் சொல்லி, மரியாதையாக ஒரு கொப்பு கேட்டேன். ஊர்ப் பிள்ளைகளின் இடம் அந்தக் கொப்பில்தான் தொங்குகிறது என்றும் சொன்னேன். ராத்தா கொப்பு வெட்டக் கத்தியை எடுத்துக்கொண்டு வருவா என்று பார்த்தால், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டா. நானாகத் தரமாட்டேன் என்று ஒரே பிடி.

"அல்லாஹ்வே! இப்பவும் அழிச்சாட்டியமா?" என்று நான் கொதித்துப் போனேன். ராத்தாவுக்கும் கோபம் வந்துவிட்டது. கதவைச் சாத்துகிறதுக்கு முந்தி தலையை மட்டும் நீட்டிச் சொன்னா: "பூக்கண்டப் பத்தி ஒண்டும் தெரியாமலா காக்கா தோட்டத்துல வேல செய்யிறீங்க? கேட்டு வாங்கினா ஒரு நாளும் வேர் புடிக்காது. நான் உள்ளுக்குப் போறன், நீங்க மதிலால கைய உட்டுக் களவா முறிச்சிட்டு ஓடிருங்க!"

என் ஆயுளில் நான் செய்த ஒரே களவு அதுதான், கொப்பு துளிர்த்துவிட்டது, மெடம் பூட்டைக் கொழும்புக்கே கொண்டு போய்விட்டா, ஆனால் ராத்தா சொன்னது சரியாகிப் போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.