சோப்பு அக்கா

ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்ற கையோடு வௌவால் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள் அவள். கணவன் இல்லை, மகள் கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விட்டாள். சும்மா உட்கார்ந்தால் கை நமநமக்கும். கூண்டில் எச்சம் ஒட்டியிருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. சோப்பு அக்கா என்ற பேர் அப்படித்தான் வந்தது.

மரங்களில் பூவோ பழமோ இல்லாத பருவம். இரை கிடைக்காமல் எலும்பும் தோலுமாய் விழுந்து கிடந்த பழந்தின்னி வௌவால்களை எடுத்து வந்தார்கள். பாதிக்கு மேல் சினை. சோப்பு அக்கா தினமும் காலையில் உறை போட்ட கையால் ஒவ்வொன்றாகப் பிடித்து, வெந்நீரில் துடைத்து, எடை பார்த்துத் தொங்கவிட்டாள். அவை அவள் கையில் வெடவெடத்தன. குளிர் போலிருக்கிறது என்று வெந்நீரைக் கூட்டினாள்.

கூண்டு கழுவும் பெண் முணுமுணுத்தாள். "தினமும் எதுக்குக்கா? வெந்நீர் தூக்கி எனக்கு இடுப்பு ஒடியுது, அதுங்களுக்கு உசிரு போகுது."

"உனக்கு உடம்பு வளையலைன்னு சொல்லு. அதுங்கள ஏன் சாக்கு சொல்ற?"

பக்கத்தில் நின்ற காவலாளி சிரித்தார். அந்தப் பெண் வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

பருவம் பாதி போனபோது மிருக டாக்டர் வௌவால்களின் சிறுநீரைச் சோதித்தார். வந்த புதிதில் ஒன்றும் தென்படவில்லை. இப்போது பலவற்றில் வைரஸ்.

"வெளியிலேருந்து வந்திருக்காது. உள்ளேயே அடங்கிக் கிடந்திருக்கும். ஏற்கனவே பசி, சினை. அதுக்கு மேல ஏதோ பயம். எதிர்ப்பு சக்தி விழுந்ததும் தலை தூக்கிடுச்சு" என்றவர், கூண்டு கழுவும் பெண்ணிடம் திரும்பினார். "கூண்டுக்குள்ள போறது நீதானே? என்ன பண்ணே? விரட்டினியா? சொல்லலைன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்."

அவள் சோப்பு அக்காவைக் காட்டிக்கொடுக்கவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றாள். அதுதான் சோப்பு அக்காவைச் சுட்டது.

'நோயாளியைத் தொட்டுத் தொட்டுப் பாக்காதீங்க, தூங்க விடுங்க' என்று வார்டில் எத்தனை சொந்தக்காரர்களை விரட்டியிருக்கிறாள் சோப்பு அக்கா.

"அவ இல்ல டாக்டர். நான்தான் தினமும் பிடிச்சுக் குளிப்பாட்டினேன்."

"தினமுமா?"

"தினமும். அவ வேணாம்னுதான் சொன்னா. நான்தான் சோம்பேறின்னு சொல்லி அவ வாயை அடைச்சுட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள், ஆள் நடமாட்டம் தெரியாதபடி கூண்டைச் சுற்றித் துணி கட்டினார்கள். பழத்தட்டை வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. கீழே எச்சம் காய்ந்து கிடந்தது. சோப்பு அக்காவின் கை தானாகத் துடைப்பத்துக்குப் போயிற்று. இழுத்துக்கொண்டாள்.

"என்னக்கா, உடம்பு வளையலையா?" என்றாள் அந்தப் பெண், சிரிக்காமல்.

"வளையல" என்றாள் சோப்பு அக்கா. நிமிராமல் பழம் நறுக்கினாள்.