பெயரை மறைத்த அட்டை

செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்த்த அண்ணாச்சியின் வீட்டு மதினியிடமிருந்து அழைப்பு வந்தது. "தம்பி, அவிய போயிட்டாவ" என்றார். என் வாயில் ஆறுதல் வரவில்லை. "நல்லாப் பாத்தியளா மதினி? நாடி பிடிச்சுப் பாத்தது யாரு?" என்றுதான் கேட்டேன். அழுகைக்கு நடுவே மதினி சிரித்துவிட்டார். "அவியள மாதிரியே கேக்கியளே தம்பி. ரெண்டு டாக்டர் பாத்தாச்சு."

டாக்டர் சங்கரலிங்கம் அண்ணாச்சி தச்சநல்லூர்க்காரர். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லும் டாக்டர். எனக்கும் அதே வேலைதான். திருநெல்வேலியில் ஒரு ஸ்கேன் சென்டரில், ஒரே அறையில், அடுத்தடுத்த நாற்காலிகளில் பல வருஷம் உட்கார்ந்திருந்தோம். இப்படி ஒரு சந்தேகப் பிராணியை நான் கண்டதே இல்லை. கடையில் ஆட்டிப் பார்த்து வாங்கிய தேங்காயை வீட்டு வாசலில் நின்று மறுபடியும் ஆட்டிப் பார்ப்பார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, போர்டைச் சரியாகப் படித்தோமா என்று இறங்கிப் போய்ப் பார்ப்பார். ஒருமுறை அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. "சரியான பஸ்தான்வே போச்சு" என்று என்னிடம் நிம்மதியாகச் சொன்னார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே காலண்டர் அட்டையில் ஒரு துண்டு வெட்டி, கம்ப்யூட்டர் திரையின் மேல்பக்கம் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். பெயர், வயது, என்ன தொந்தரவு என்பதெல்லாம் வரும் இடம் அது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்ன அண்ணாச்சி இது, ஆளு யாருன்னு தெரியாண்டாமா?"

"பைய தெரிஞ்சா போதும்வே. இருமல்னு எழுதியிருந்தா கண்ணு இருமலத்தான் தேடும். தெரிஞ்ச ஆளுன்னா ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு தேடும். மொதல்ல படத்தப் பாரும். பிறகு அட்டையத் தூக்கும்."

படத்தையும் நடுவிலிருந்து பார்க்க மாட்டார். மூலைகளில் தொடங்கி, ஓரங்களைச் சுற்றி, கடைசியில்தான் நடுவுக்கு வருவார். ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால் இன்னும் உஷாராகிவிடுவார். "ஒண்ணு கெடைச்சதும் கண்ணு கடையப் பூட்டிட்டுப் போயிரும்வே. அப்பந்தான் ரெண்டாவது கள்ளன் உள்ள இருப்பான்" என்பார். நான் கேலி செய்வேன். ஆனாலும் என் திரையிலும் ஓர் அட்டை ஏறிவிட்டது.

இரண்டு குடும்பமும் சேர்ந்து மணிமுத்தாறுக்குப் போனோம். எல்லோரும் அருவியில் குளிக்கப் போக, இவர் மட்டும் அணைப் பக்கமே நின்றுவிட்டார். சுவரோரம் ஓர் ஈரத் திட்டைக் காட்டி, "இந்த ஈரம் நேத்து இருந்துச்சா?" என்று காவல்காரரைப் பிடித்துக்கொண்டார். அவர், "அய்யா, இப்பந்தான் சாப்பிட்டுக் கை களுவுனேன்" என்றார். அண்ணாச்சி விடவில்லை. காயும்வரை அங்கேயே நின்று பார்த்துவிட்டுத்தான் குளிக்க வந்தார். மதினி அன்றைக்கு அவரோடு பேசவேயில்லை.

பிறகுதான் எங்கள் அறைக்கு அந்த மென்பொருள் வந்தது. நெஞ்சு எக்ஸ்ரேயில் சந்தேகமான இடத்தைச் சுற்றி மஞ்சள் பெட்டி போடும். "மிஷின்" என்றுதான் அண்ணாச்சி அதைச் சொல்வார். தான் பார்த்து முடிக்கும் முன்னால் அதன் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆழ்வார்திருநகரியிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்தவர்கள். விலா எலும்பு முறிந்திருந்ததை அண்ணாச்சி உடனே கண்டுபிடித்தார். பிறகு மிஷினின் கருத்தைத் திறந்தால், எலும்பை விட்டுவிட்டு, இதயத்தின் நிழலுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி. அங்கே மிளகளவு ஒரு புள்ளி இருந்தது. அண்ணாச்சி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "கடையப் பூட்டிட்டேன், பாத்தீரா" என்றார். தானே போன் செய்து அந்த அம்மாவைத் திரும்ப வரவழைத்தார். புற்றுநோய் ஆரம்பத்திலேயே அகப்பட்டதால் அவர்கள் இன்று நன்றாக இருக்கிறார்கள். திரையைப் பார்த்து, "ஏலே, நீ என்னயவிடச் சந்தேகக்காரன். இருந்துட்டுப் போ" என்றார். மறுவாரமே அது, தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கைச் சுற்றி ஒரு பெட்டி போட்டது. "இவனயும் நம்பப்பிடாதுவே" என்று சிரித்தார்.

போன வருஷம் அவருக்கு இருமல் வந்தது. எதையும் நம்பாத மனிதர், "தூசிவே" என்று சொல்லிவிட்டார். சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றதையும் நான் கவனித்தேன். "ஒரு படம் எடுத்துப் பாப்பமே அண்ணாச்சி" என்றால் பேச்சை மாற்றுவார். அவரிடம் கற்ற சந்தேகம் அவர் மீதே திரும்பியிருந்தது. அது எனக்குத் துளியும் பிடிக்கவில்லை.

ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு வந்ததும், "இந்தப் படத்தப் பாரும்வே" என்று தன் நாற்காலியை எனக்கு விட்டார். அட்டை மேலே இருந்தது. மூலைகளில் தொடங்கினேன். வலது பக்கம், காறை எலும்புக்குப் பின்னால் ஒரு நிழல்.

"நல்லா இல்ல அண்ணாச்சி. புத்துதான்னு நெனைக்கேன்."

"கடையப் பூட்டிராதியும். பாரும்."

பார்த்தேன். கீழே ஒரு விலா எலும்பின் ஓரம் அரித்திருந்தது. "எலும்புக்கும் போயிருக்கு. பாவம், யாரு அண்ணாச்சி இது?"

அவர் அட்டையைத் தூக்கினார். அவர் பெயர் இருந்தது.

நான் மறுபடியும் படத்தைப் பார்த்தேன். அவர் சொன்னார். "நான் பாத்தேன், ரெண்டு எடம். ஆனா என் படம்லா, பயத்துல கண்ணு கூட்டிச் சொல்லுதோன்னு சந்தேகம். மிஷினும் ரெண்டு பெட்டி போட்டுது. அவனுக்கு ஊக்கும் கட்டிதான். அதான் பேரு தெரியாம நீரு பாக்கணும்னு நெனைச்சேன்." தோளில் கை வைத்தார். "இனிச் சந்தேகம் இல்லவே."

அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான். அப்போது எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போய் அழுதேன். சிகிச்சை நடந்த மாதங்களில்கூட மருந்து பாட்டிலை வாங்கித் தானே தேதி பார்த்துக்கொண்டார். மருந்தாலும் முடியவில்லை.

ஆற்றங்கரை மயானத்தில் கடைசியாக முகம் பார்க்க எல்லோரும் வரிசையில் வந்தார்கள். என் முறை வந்ததும் கண் தானாகவே பாதத்தில் தொடங்கியது. கால்விரல், கை, தோள் என்று ஓரமாகவே சுற்றியது. முகத்துக்கு வருமுன் நெஞ்சில் கிடந்த வேட்டியில் நின்றுவிட்டது. தாமிரபரணிக் காற்றில் துணி அசைந்தது. காற்றுதானா என்று நின்று பார்த்தேன். பின்னால் நின்றவர், "நகருங்க சார்" என்றார். நகராமல் மறுபடியும் பார்த்தேன்.

காற்றுதான் அண்ணாச்சி. ரெண்டு தடவை பார்த்துவிட்டேன். நீங்கள் புறப்படலாம்.