எரிந்த ஊருக்கு ஒரு கேள்விக்குறி

அகழாய்வுக் கூடத்தில் அவளை எல்லோரும் மண்புழு என்றுதான் கூப்பிடுவார்கள். கோபப்பட்டுப் பார்த்தாள், பெயர் இன்னும் இறுக ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் பானை, மணி, எலும்பு என்று தேடுவார்கள். இவள் அவை கிடந்த மண்ணையே கட்டியாக வெட்டி எடுத்து, உலர்த்தி, பிசின் ஊற்றிக் கல்லாக இறுகவைத்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பாள். மிதிபட்ட தரை, பெருக்கித் தள்ளிய தூசு, சாணம், அடுப்புச் சாம்பல் எல்லாம் அடுக்கடுக்காகத் தெரியும். அந்த இடத்தில் மனிதர்கள் எப்படிப் புழங்கினார்கள் என்று மண் சொல்லும். சொல்லவிட்டால்தானே.

அந்த ஆண்டு குழியின் சுவரில் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது.

"ஊரையே கொளுத்தியிருக்காங்க. போர்தான், வேற என்ன" என்றார் அகழாய்வு இயக்குநர். செய்தியாளர்களிடமும் அப்படியே சொல்லிவிட்டார்.

அவளுக்கு அது உறுத்தியது. அவ்வளவு பெரிய தீ எரிந்திருந்தால் அடிமண் எங்காவது செங்கல்போல் சிவந்திருக்க வேண்டும். சிவப்பைக் காணோம். முதலில் ஒரு மூலையில் ஒரே ஒரு கட்டியைத் தகர டப்பாவில் வெட்டி எடுத்தாள். மீதிச் சுவரிலிருந்து மறுநாள் எடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் வந்தால் சுவரே இல்லை. விருந்தினர் பார்க்க வருகிறார்கள் என்று குழியை அகலப்படுத்தி, கறுப்பு மண்ணை வாரிக் கொண்டுபோய்விட்டார்கள்.

"சார், அந்தச் சுவர் எனக்கு வேணும்னு சொல்லியிருந்தேனே."

"எல்லாப் பக்கமும் படம் எடுத்தாச்சும்மா."

"படத்துல மண்ணு எங்க சார் இருக்கு?"

அவர் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மிச்சமிருந்த ஒற்றைக் கட்டியை உலர்த்தும் பெட்டிக்குள் வைத்தாள். விடுமுறையில் காவல்காரர் அந்த மின்பெட்டியை அணைத்துவிட்டார். "ஆளே இல்லாம ஓடிட்டிருந்துச்சு. கரண்டு வீணாகுதேன்னு பாத்தேன்" என்றார். அவரைத் திட்டவும் வழியில்லை. கடைசியாகப் போகிறவர்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போகவேண்டும் என்று கதவில் எழுதி ஒட்டியவளே அவள்தான். உள்ளே ஈரம் நின்றதால் பிசின் சரியாக இறுகவில்லை. அறுக்கும்போது பாதிக் கட்டி பொலபொலவென்று உதிர்ந்தது.

தப்பிய பாதியில் சாம்பல், அதன்மேல் மிதிபட்ட தூசு, மறுபடி சாம்பல், மறுபடி தூசு. ஒரே தீ அல்ல. யாரோ அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டுவதும் அதன்மேல் நடப்பதுமாகக் காலம் தள்ளியிருக்கிறார்கள்.

இயக்குநர் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். "சரிம்மா. இந்த மூலைல அடுப்புச் சாம்பல். ஒத்துக்கறேன். மத்த இடமெல்லாம் எரியலன்னு இத வச்சு சொல்லமுடியுமா?"

முடியாது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. நியாயமான கேள்வி. பதில் சொல்லியிருக்கக்கூடிய மண் ஏதோ ஒரு பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருந்தது.

வீட்டில் பஸ் ஓட்டுநரான கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "அப்போ எரிஞ்சதா, எரியலையா?"

"தெரியல."

"இத்தன மாசம் மண்ணோட மல்லுக்கட்டி, தெரியலங்கறதத்தான் கண்டுபிடிச்சியா?"

சிரிக்கவைக்கத்தான் கேட்டார். அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "தெரியலன்னாவது எழுத விடுறாங்களா?"

"அதுக்கும் விடலங்க."

குழியருகே பார்வையாளர்களுக்காகப் பலகை எழுதும் நாள் வந்தது. 'எரிந்த ஊர்' என்பதோடு 'ஆக இருக்கலாம்' என்று சேர்க்கச் சொல்லி இயக்குநரிடம் மன்றாடினாள். அவர் எழுத்து ஓவியரைப் பார்த்தார்.

"இடமில்லையே. எழுத்தப் பெருசா போட்டாச்சு" என்றார் ஓவியர்.

இயக்குநர் யோசித்தார். "ஒரு கேள்விக்குறிக்கு இடம் இருக்குமா?"

"இடுக்கிப் போட்டுடலாம்."

பிறகொரு நாள் அக்காவை அழைத்துவந்து காட்டினாள். "எரிந்த ஊர். அப்புறம் அது என்னடி, பலகைய மாட்டுற கொக்கியா?"

"கேள்விக்குறி, அக்கா."

"அத ஏன் இவ்ளோ சின்னதா போட்டிருக்காங்க?"



அடுத்த குழி தோண்டியபோது, மண்வெட்டிகள் வருமுன்பே போய் ஒரு பக்கம் முழுக்கக் கயிறு கட்டினாள். "நான் வெட்டி எடுத்து முடிக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் யாரும் தொடக்கூடாது. நீங்களும்தான் சார்."

இயக்குநர் முகம் கடுத்தது. ஆனால் கயிற்றைத் தாண்டவில்லை.