அத்தையின் முழு உயரம்

எங்கள் வில்பட்டியிலேயே உயரமான பெண் அப்பாவின் தங்கை, என் அத்தை. அதை மறைக்கத் தோளைக் குறுக்கித் தலையைத் தாழ்த்தியே நடப்பாள். பெண் பார்க்க வந்த இரண்டு இடங்கள் உயரத்தாலேயே தட்டிப்போயிருந்தன. பூண்டுக் காட்டில் நாளெல்லாம் குனிந்து களையெடுத்ததில் முதுகுவலி வேறு. தம்பி பிறந்ததிலிருந்து நான் அவளுடைய கம்பளிக்குள்தான் தூங்கினேன்.

எனக்கு ஒன்பது வயதில், கொடைக்கானல் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர் தாடாசனம் கற்றுக்கொடுத்தார். பாவாடையைச் செருகிக்கொண்டு ஓடிவந்து அத்தைக்குச் சொல்லித்தந்தேன். பாதங்களைச் சேர்த்து, குதிகாலிலும் விரலடியிலும் சமமாக ஊன்றி, நெஞ்சை விரித்து, மலைபோல் அசையாமல் நிற்க வேண்டும். மற்ற ஆசனங்களுக்கெல்லாம் இதுதான் அஸ்திவாரம் என்பதையும் டீச்சரின் குரலிலேயே சொன்னேன்.

"சும்மா நிக்கிறதுக்கு ஒரு படிப்பாடி?" என்று அத்தை சிரித்தாள். ஆனாலும் தினமும் வெள்ளனே எழுந்து பனி விலகாத வரப்பில் என்னோடு நின்றாள். ஒரு மாதத்தில் முதுகுவலி குறைந்தது. மேடேறும்போது மூச்சு இரைக்கவில்லை. இவள் என்னைவிட்டு எங்கும் போகக் கூடாது என்று நிற்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்வேன்.

பழனியிலிருந்து ஒரு பஞ்சாமிர்தக் கடைக்காரர் தன் அம்மாவோடு பெண் பார்க்க வந்தார். ஆள் குள்ளம்.

"கொஞ்சம் குனிஞ்சே நில்லு தாயி" என்று அப்பா கெஞ்சிவிட்டுப் போனார். நான் அடுப்படிக்கு ஓடி, அத்தையின் காதில், "நம்ம வரப்புல நிக்கிற மாதிரியே நில்லுங்கத்தே" என்றேன். பார்த்த மாத்திரத்தில் இவரும் எழுந்து போய்விடுவார் என்பது என் எண்ணம்.

அத்தை வந்து நின்றாள். உத்தரத்தில் தலை இடிக்குமோ என்று பயப்படும்படி நிமிர்ந்து நின்றாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"ஏலே, பொண்ணு ஒன்னயவிட ஒசரமால்ல இருக்கு" என்றார் கடைக்காரரின் அம்மா.

கடைக்காரர் அண்ணாந்து அத்தையைப் பார்த்தார். "இருக்கட்டும்மா. எனக்குச் சம்மதம்."

தை மாதம் அத்தை கணவரோடு பஸ் ஏறினாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். அவள் கண் கலங்கவில்லை. மறுநாள் வரப்பில் தனியாக நின்று பார்த்தேன். கால் நிலைகொள்ளவில்லை. கம்பளிக்குள் அவள் வாசனை போகும்வரை அதைத் துவைக்கவிடவில்லை. ஊருக்கு வந்தபோதெல்லாம் முகம்கொடுத்துப் பேசவுமில்லை. ஒரு சொட்டுக்கூட அழாமல் போனாளே என்ற கோபம் வருஷக்கணக்கில் இருந்தது.

தன்னைக் குனியச் சொல்லாத ஒருவரோடு போகிறவள் எதற்காக அழ வேண்டும் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. அவளை நிமிரச் சொன்ன நானும் எனக்காகத்தான் சொன்னேன் என்பதும்.