செடிக்குச் சுற்றிய கம்பளி

யூரோ நோட்டுகள் முதன்முதலாக மக்கள் கைக்கு வந்த குளிர்காலத்தில்தான் நான் திருமணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்தேன். கணவர் அதிகம் பேசமாட்டார். வேலை முடிந்து வந்ததும் அவருடைய பிலோடென்ரன் செடியிடம்தான் போவார். வெல்வெட் போன்ற கரும்பச்சை இலைகளில் வெள்ளை நரம்போடும் அந்த அபூர்வச் செடியைப் பல வருடங்கள் தேடி வாங்கியிருந்தார். அதற்கு ஈரக்காற்று வேண்டுமென்று ஹீட்டர்மேல் தண்ணீர்ச் சட்டி வைப்பார். செடியிடம் காட்டும் அன்பில் கொஞ்சமாவது மனிதரிடம் காட்டுவாரா என்று எனக்கு உள்ளூரப் பயமாக இருந்தது.

பீலெஃபெல்டிலிருந்து டோர்ட்மண்டுக்கு வீடு மாறியபோது, செடியைக் கம்பளியால் சுற்றி மடியில் வைத்தபடி ரயிலில் வந்தார். வண்டி மாறுவதற்காக வழியில் இறங்கினோம். பனியால் அடுத்த வண்டி வரவில்லை. பிளாட்பாரத்தில் ஒரு ஜெர்மன் பெண்ணின் குழந்தை பனிச்சேற்றில் விழுந்து, முழுக்க நனைந்து நடுங்கியது. இவர் ஒரு கணம் செடியைப் பார்த்தார். பிறகு கம்பளியை அவிழ்த்துக் குழந்தையைப் போர்த்தினார்.

"இஞ்சருங்கோ, செடி செத்துப்போயிடுமே?" என்றேன்.

"ஓம், இலை கருகும்தான். அதுக்காகப் பிள்ளையை நடுங்க விட ஏலாது" என்றார்.

வண்டி வந்ததும் அந்தத் தாய் கம்பளியைத் திருப்பித் தர வந்தாள். வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

புது வீட்டில் எல்லா இலைகளும் கறுத்து உதிர்ந்தன. அழுகிய பகுதியை வெட்டிவிட்டு, மிஞ்சிய தண்டை ஈரப்பாசியில் வைத்தார். வசந்தத்தில் ஒரு சின்னத் துளிர் விட்டது. அதைக் காட்ட என்னைக் கூப்பிட்டபோது, நான் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இவரோடு எந்த ஊரிலும் வாழலாம் என்ற தைரியம் எனக்கு அந்தப் பிளாட்பாரத்திலேயே வந்துவிட்டது.