மலருக்கும் கயலுக்கும் ஒரு டாக்டர்

மதுரை காளவாசலில் பேருந்துக்காக நின்றிருந்தபோது போனில் செய்தி வந்தது. "நம்ம டாக்டரம்மா போயிட்டாங்கக்கா" என்று சொல்லிவிட்டு அழுதார், அவரிடம் வேலை பார்த்த நர்ஸ். வந்த பேருந்தில் ஏறாமல் நின்றுவிட்டேன்.

டாக்டர் வசந்தாவிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட தாய்மார்களே, உங்களிடம்தான் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஐந்தாம் மாதம். ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கிட்ட இரட்டைப் பிள்ளைகள். ஒன்றின் ரத்தம் மற்றதற்குப் போய்க்கொண்டிருந்தது. டி. கல்லுப்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் கணவர் டாக்டரைக் கும்பிட்டார். "எப்படியாச்சும் ரெண்டையும் காப்பாத்திருங்க டாக்டரம்மா."

"சத்தியம் பண்ணித் தர மாட்டேன் தம்பி. சும்மா விட்டா ரெண்டும் போயிரும். ரெண்டும் நிக்கணும்னுதான் கையை வைக்கிறேன்."

ஆபரேஷனுக்குப் போட்ட ஊசியில் இடுப்புக்குக் கீழே மரத்திருந்தது, நான் விழித்திருந்தேன். வயிற்றுக்குள் மெல்லிய குழாயை நுழைத்து, பிள்ளைகளை இணைத்த ரத்தக் குழாய்களை லேசரால் அடைத்தார். "இன்னும் ஒண்ணும்மா, இன்னும் ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஸ்கேனில் ஒரு இதயம்தான் துடித்தது. "சின்னது போயிருச்சும்மா. என்னால முடியல" என்றார். "அப்ப எதுக்கு ஆபரேஷன் பண்ணீங்க?" என்று என் கணவர் கத்தினார். அவர் கத்தி முடிக்கும்வரை டாக்டர் அங்கேயே நின்றார்.

பிறகு மூன்று மாதங்கள் இருவரையும் சுமந்தேன். ஒவ்வொரு ஸ்கேனிலும் உயிரோடிருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு, கருவியை மறுபக்கமும் நகர்த்துவார். ஏன் என்று கேட்டேன். "அதுவும் என் பேஷண்டுதானம்மா."

பிரசவத்தன்று மலர்விழி அழுதபடி பிறந்தாள். மற்றதை இவளிடம் காட்ட வேண்டாம், தாங்க மாட்டாள் என்றார் என் மாமியார். டாக்டர் என்னிடம் கேட்டார். "பாக்கணுமாம்மா? வேண்டாம்னாலும் தப்பில்ல."

பார்க்கிறேன் என்றேன். உள்ளங்கையில் அடங்கும் சுருங்கிய உடம்பு. வெள்ளைத் துணியோடு என் கையில் வைத்தபோது அவர் கண்கள் நிறைந்திருந்தன. "மன்னிச்சிரு தாயி" என்றார். என்னிடமா, அவளிடமா என்று நான் கேட்கவில்லை.

அவளுக்குக் கயல்விழி என்று பெயர் வைத்தேன். வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. வருடம் தவறாமல் டாக்டர் மட்டும் போனில் அழைத்து, "மலரும் கயலும் பொறந்த நாளாச்சே இன்னிக்கு" என்பார்.

இனி அந்தப் பெயரைச் சொல்ல நான் மட்டும்தான் இருக்கிறேன். சொல்வேன், டாக்டர்.