டீக்கடையில் நின்றுபோன கைநடுக்கம்

தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்து, சில மாதமாகவே எனக்குக் கைநடுக்கம், படபடப்பு. உடம்பும் இளைத்துவிட்டது. சாத்தாங்காட்டு டீக்கடையில் கிளாஸைப் பிடித்தால் பாதி டீ சட்டையில்தான்.

"தைராய்டுண்ணே" என்று டீ மாஸ்டரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

"அது வந்தா ஒடம்பு ஊதும். நீ துரும்பா கீற. யார்கிட்ட கத வுடற?" என்பார்.

மாத்திரை வேலை செய்து, இன்று சொட்டுக்கூடச் சிந்தாமல் குடித்தேன்.

மாஸ்டர் பக்கத்தில் கை நடுங்க டீ குடித்துக்கொண்டிருந்த லோடுமேனிடம், "இவரப் பாரு, குடிய வுட்டுட்டாரு. நீயும் கீறியே" என்றார்.

"எப்டி சார் வுட்டீங்க?" லோடுமேன் நிஜமாகவே கேட்டார்.

நான் குடித்ததே இல்லை, தைராய்டு மாத்திரையில் நின்ற நடுக்கம் இது என்றேன்.

"அந்த மாத்திர பேர எழுதிக் குடு சார்."

மாஸ்டர் பேனாவே எடுத்துவிட்டார்.

குடியில் வரும் நடுக்கம் வேறு, என் நடுக்கம் வேறு என்று யாராவது வந்து சொல்லுங்களேன்.